ஒன்றுமே இல்லாமல் இருந்திருக்கலாமே, ஏன் ஏதோ ஒன்று இருக்கிறது?

பெருவெடிப்பைக் காரணமாகச் சொன்னால் இக்கேள்வி தீர்ந்துவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். தீராது என்பதே என் எண்ணம். ஜெர்மானியத் தத்துவவாதி லைப்னிட்ஸ் 1697இல் எழுதிய கட்டுரையில் ஒரு வடிவியல் நூலைக் காட்டுகிறார்: கையிலுள்ள பிரதி முந்தைய பிரதியைப் பார்த்து எழுதப்பட்டது, அது அதற்கும் முந்தையதைப் பார்த்து எழுதப்பட்டது என முடிவின்றிப் பின்னோக்கிப் போனாலும், அப்படியொரு நூல் ஏன் இருக்கிறது என்பது விளங்குவதேயில்லை. உலகின் ஒவ்வொரு நிலையும் இத்தகைய பிரதிதான் என்கிறார் அவர். வெற்றிடத்திலிருந்து துகள்கள் தோன்றும் என்னும் இயற்பியலும் இதைத் தாண்டுவதில்லை. வெற்றிடத்தில் மிக நெருக்கமாக வைத்த இரு உலோகத் தகடுகள் ஒன்றையொன்று ஈர்க்கும் என்று டச்சு இயற்பியலாளர் காசிமிர் 1948இல் கணித்தது பின்னர் அளந்தும் உறுதியானது என்றால், அந்த வெற்றிடம் சூனியமன்று, விதிகளுக்குக் கட்டுப்பட்ட ஏதோ ஒன்றுதான். லைப்னிட்ஸோ, தன் இருப்புக்குத் தானே காரணமான கடவுளிடம் போய் நின்றார். அங்கும் இதே கேள்வி எழாதா என்பது எனக்கு இன்னும் தீராத ஐயம்.