லேசான தலைக்காயம் ஸ்கேனில் தெரியாது என்றால், அமெரிக்க முன்னாள் படைவீரர்களுக்கு எதற்கு இத்தனை மூளை ஸ்கேன் ஆய்வு?

கேள்வியின் வாலில் “எல்லாம் பென்ஷனைக் கூட்டி வாங்கப் போடும் நாடகமா?” என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள் பாருங்கள், அதற்காகத்தான் இந்தப் பதில். உங்களுக்குத் தெரிந்த யாரோ ஒருவர் அமெரிக்க ராணுவத்தில் இருந்து திரும்பியிருக்கிறார், எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட் ‘நார்மல்’ என்று வந்திருக்கிறது, ஆனாலும் தலைவலி, மறதி, எரிச்சல் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார், உங்களுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. அப்படித்தான் வைத்துக்கொள்கிறேன். இல்லை, சும்மா தெரிந்துகொள்ளக் கேட்டேன் என்றால் நல்லது.

நான் டாக்டர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது நரம்பியல் நிபுணர் வந்து “நீ யார் இதைச் சொல்ல?” என்று கேட்பார். அமெரிக்காவில் ஒரு மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. டெக்னாலஜிஸ்ட். முன்னாள் படைவீரர்களை வைத்து நடந்த ஆய்வு ஒன்றுக்குச் சில வருடங்கள் ஸ்கேன் எடுத்துக் கொடுத்தேன். ஈராக் போர் நியாயமா என்ற விவாதத்துக்கு நான் வரவில்லை; குழாய்க்குள் படுத்தவரின் தலையைப் பற்றி மட்டும்தான் பேசுகிறேன்.

ஒருவரைச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஈராக்கில் ஹம்வீ என்ற ராணுவ வண்டியில் போகும்போது சாலையோரக் குண்டு வெடித்திருக்கிறது. நினைவு தப்பியது ஒரு நிமிடம்கூட இருக்காது என்றார். எழுந்து வேலையைப் பார்க்கப் போய்விட்டாராம். அவரை உள்ளே அனுப்புவதற்கு முன் கண்ணுக்கு எக்ஸ்ரே எடுத்தோம். கண்ணில் இரும்புத் துணுக்கு ஏதாவது தங்கியிருந்தால் காந்தம் அதை இழுத்துப் பார்வையையே கெடுத்துவிடும். உடம்பில் துணுக்கு இருப்பதாலேயே ஆய்வில் சேர முடியாமல் திரும்பிப் போனவர்கள் உண்டு. ஆக, நன்றாக அடிபட்டவர்களில் சிலர் இந்த ஆய்வுக் கணக்கிலேயே வருவதில்லை. இதை யாரும் பேசுவதில்லை.

தலைக்கு மேல் கூண்டு மாதிரியான காயிலை மாட்டி, இரண்டு பக்கமும் பஞ்சு வைத்து, முடியாவிட்டால் அழுத்தி எங்களைக் கூப்பிட கையில் அழைப்புப் பந்தைக் கொடுத்து உள்ளே அனுப்பினேன். டிஃப்யூஷன் படம் (அது என்ன என்று பிறகு சொல்கிறேன்) எடுக்க ஆரம்பித்தால் மேசையே அதிரும், காதில் அடைப்பான் இருந்தாலும் டர்ரென்று மண்டைக்குள் இறங்கும். பந்தை அழுத்திவிட்டார். வெளியே இழுத்தேன், வியர்த்துக் கொட்டியிருந்தது. தண்ணீர் குடித்தார், அப்புறம் அவரே “மறுபடி போகலாம், நடுநடுவே பேசிக்கொண்டிரு” என்றார். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் எவ்வளவு நேரம், என்ன சத்தம் என்று சொல்லிச் சொல்லி எடுத்து முடித்தேன். பென்ஷனுக்கு நாடகம் போடுகிறவர் இந்தச் சத்தத்துக்குள் இரண்டாம் தடவை போகமாட்டார். அதுவும் ஆய்வு ஸ்கேனுக்கு! அதன் முடிவு அவர் கைக்கே வராது.

முடிந்ததும் “ஏதாவது தெரிந்ததா?” என்று கேட்டார். நான் சொல்லக்கூடாது, விதி. சொல்லலாம் என்று இருந்தாலும் சொல்ல ஒன்றுமில்லை. திரையில் அழகான, சுத்தமான மூளை. வெளியே உட்கார்ந்திருந்த அவர் மனைவி, “போன தடவையும் நார்மல் என்றுதான் சொன்னார்கள். கடைக்குப் போனால் வண்டியை எங்கே நிறுத்தினோம் என்று என்னிடம் போன் போட்டுக் கேட்கிறார்” என்றார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சாதாரண ஸ்கேனில் ரிப்போர்ட் எழுதுகிறவர் தேடுவது ரத்தக்கசிவு, வீக்கம், எலும்பு முறிவு, கட்டி. முப்பது நிமிடத்துக்குள் நினைவு திரும்பி, குழப்பம் ஒரு நாளுக்குள் தெளிந்து, ஸ்கேனிலும் ஒன்றும் இல்லை என்றால்தான் அமெரிக்க ராணுவமே அதை லேசான காயம் என்ற வகையில் சேர்க்கிறது. அப்புறம் ‘ஸ்கேன் நார்மல், அதனால் காயமே இல்லை’ என்று அதே ஸ்கேனைக் காட்டிச் சொன்னால் எப்படி?

அதனால்தான் வேறு மாதிரி ஸ்கேன் தேவைப்பட்டது. டிஃப்யூஷன் டென்சர் முறையில் பார்ப்பது தண்ணீர் மூலக்கூறுகள் எந்தத் திசையில் நகர்கின்றன என்பதை. நரம்பிழைகளின் வாக்கில் எளிதாக நகரும், குறுக்கே அவ்வளவாக நகராது. இழை சேதப்பட்டால் இந்த வித்தியாசம் மாறுகிறது. 2011-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழில் வந்த வாஷிங்டன் பல்கலைக்கழக (செயின்ட் லூயிஸ்) ஆய்வைப் பாருங்கள். போர்க்களத்திலிருந்து ஜெர்மனியின் லாண்ட்ஸ்டூல் ராணுவ மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட, லேசான மூளைக்காயம் அடைந்த 63 அமெரிக்க ராணுவத்தினர். ஒப்பிட 21 பேர். அவர்களும் குண்டுவெடிப்பில் சிக்கி வேறு காயம் பட்டவர்கள், ஆனால் மூளைக்காயம் இல்லாதவர்கள். எனக்கு அந்த ஆய்வில் பிடித்ததே இந்த ஒப்பீடுதான். சோபாவில் உட்கார்ந்திருந்த கல்லூரி மாணவனோடு ஒப்பிட்டால் என்ன வித்தியாசம் வேண்டுமானாலும் வரும். 63 பேரில் 18 பேருக்கு இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மூளைப் பகுதிகளில் மாற்றம் தெரிந்தது. மீதி 45 பேருக்கு அந்த அளவுக்குத் தெரியவில்லை. அவர்களுக்குக் காயமே இல்லை என்று அர்த்தமா? இல்லை. கூட்டமாக வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரிகிறது, தனியாக ஒருவரைக் காட்டி “இவருக்கு உண்டு, இவருக்கு இல்லை” என்று சொல்ல முடியவில்லை.

சொல்ல முடியாததற்கு ஒரு காரணம் என் வேலையிலேயே இருக்கிறது. தலை கொஞ்சம் அசைந்தாலும் இந்த எண்கள் மாறும். வலியும் பதற்றமும் இருப்பவர் ஆரோக்கியமானவரைவிட அதிகம் அசைவார். கவனிக்காமல் விட்டால் அசைவையே காயம் என்று எழுதிவிடலாம். ஸ்கேனர் மாறினால் எண் மாறும், மென்பொருளைப் புதுப்பித்தாலும் மாறலாம். அதற்காகத்தான் திரவம் நிரப்பிய உருண்டையை அவ்வப்போது உள்ளே வைத்து அளந்து சரிபார்ப்போம். வயது, குடி எல்லாம் வேறு இருக்கிறது. ஆக அந்தப் பஞ்சை எப்படி வைக்கிறோம், அவரை எப்படிப் பேசி அசையாமல் படுக்க வைக்கிறோம் என்பதில் பாதி ஆய்வு நிற்கிறது.

இதைச் சொன்னால் எங்கள் சொந்தக்காரர்கள் நம்பமாட்டார்கள். ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போனால் சித்தப்பா என்னை “பட்டன் அமுக்குற வேலை, நல்ல சம்பளம்” என்றுதான் அறிமுகப்படுத்துகிறார். சரி, அவருக்குத் தெரியாது. ஆய்வுக் கட்டுரையில்? எண்ணைக் கூட்டிக் கழித்தவர் பெயரெல்லாம் வரும், ராத்திரி ஷிஃப்டில் மறு ஸ்கேன் எடுத்துக் கொடுத்தவர்கள் கடைசியில் நன்றி வரியில் ‘ஊழியர்கள்’. இது கேள்விக்குச் சம்பந்தமில்லாதது, தெரியும். இருக்கட்டும்.

எதிர்த்தரப்பையும் சொல்லிவிடுகிறேன், மறைத்தேன் என்று வரக்கூடாது. 2008-இல் ஈராக்கிலிருந்து திரும்பிய 2,525 காலாட்படையினரிடம் கேட்டு எழுதிய ஓர் ஆய்வில், பி.டி.எஸ்.டி.யையும் (அதிர்ச்சிக்குப் பிறகு வரும் மனநோய்) மனச்சோர்வையும் கணக்கில் எடுத்ததும், தலைவலி தவிர மற்ற உடல் உபாதைகள் பெரும்பாலும் தலைக்காயத்தோடு ஒட்டவில்லை. இதைப் பிடித்துக்கொண்டு “எல்லாம் மனசுதான்” என்பவர்கள் நிறைய. ஆனால் 2016-இல், குண்டுவெடிப்பில் சிக்கி, பிறகு இறந்துபோன ராணுவத்தினரின் மூளைகளை நுண்ணோக்கியில் பார்த்த நரம்பு நோயியல் நிபுணர் டேனியல் பெர்ல் குழுவினர், மூளையின் சாம்பல் பகுதியும் வெள்ளைப் பகுதியும் சேரும் ஓரங்களில் தனி மாதிரியான தழும்பைக் கண்டார்கள். அதை வழக்கமான எம்.ஆர்.ஐ.யில் பார்க்க முடியாது. சிலருக்கு பி.டி.எஸ்.டி.யும் இருந்தது. இரண்டும் ஒரே தலையில் இருக்கக்கூடாது என்று யார் சொன்னது?

இன்னொன்று. 2020 ஜனவரியில் ஈராக்கின் அல் அசத் தளத்தை ஈரான் ஏவுகணைகள் தாக்கியபோது, முதலில் அமெரிக்கர் யாருக்கும் காயமில்லை என்றார்கள். அப்போது அதிபராக இருந்த டிரம்ப்பே ‘தலைவலி’ என்று கேள்விப்பட்டதாகச் சொல்லி, பெரிதில்லை என்று ஒதுக்கினார். கடைசியில் நூறு பேருக்கு மேல் மூளைக்காயம் என்று கணக்கு வந்தது.

உங்கள் ஆளுக்கு: பணம் கட்டிக் கலர் கலராக மூளைப் படம் எடுத்துத் தரும் தனியார் இடங்களுக்கு அவரை அனுப்பாதீர்கள். இந்தக் காயத்தை ஒருவருக்கு உறுதிசெய்ய அப்படிப்பட்ட ஸ்கேனை நம்பவேண்டாம் என்றுதான் முன்னாள் படைவீரர் துறையின் சொந்த வழிகாட்டியே சொல்கிறது. இழப்பீட்டுக்கும் ஸ்கேனில் கோளாறு தெரியவேண்டும் என்ற கட்டாயமில்லை, மறதி, மனநிலை, உடல் உபாதை என்று பார்த்துத்தான் பாதிப்பு எத்தனை சதவீதம் என்று போடுகிறார்கள். தலைவலி, தூக்கம், காது, நினைவுத்திறன் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பரிசோதனை கேட்கச் சொல்லுங்கள். வீட்டில் கூட இருப்பவரும் டாக்டரிடம் போகட்டும், மறதியை அவர்தான் பார்க்கிறார். வெடித்த அன்று பக்கத்தில் இருந்த சக வீரர்கள் யாராவது தொடர்பில் இருந்தால், கண்டதை எழுதிக் கையெழுத்துப் போட்டு வாங்கி வைக்கச் சொல்லுங்கள். அந்தக் கடிதத்தைத் துறை சாட்சியமாக எடுத்துக்கொள்ளும்.