மகளின் அடுத்த படி: கர்த்தருடைய சித்தத்தை எப்படி அறிவது?

மஸ்கெலியாவிலிருந்து எழுதிய அக்காவுக்கு,

மகள் கலைப் பிரிவில் உயர்தரம் மூன்று பாடமும் சித்தி. அதற்கே முதலில் கர்த்தருக்கு ஸ்தோத்திரம். கொழும்பில் ஒரு தனியார் நிறுவனம் 'நர்சிங்' படிப்பிக்கிறோம், முடித்ததும் வெளிநாடு என்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் காசு கட்டவேண்டுமாம். ஜெபக்கூட்டத்தில் ஒரு தேவ ஊழியர், "உங்க மகள் கடல் கடப்பாள்" என்று சொல்லியிருக்கிறார். புத்தாண்டு ஆராதனையில் உங்களுக்கு வந்த வாக்குத்தத்த அட்டையோ சங்கீதம் 32:8. மகள் மட்டும் ஆசிரியர் பயிற்சி தரும் பத்தனை கல்வியியற் கல்லூரிக்குத்தான் விண்ணப்பம் போடுவேன் என்று நிற்கிறாள். இதில் எது தேவசித்தம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த அட்டையிலிருந்தே தொடங்குவோம். "நீ நடக்கவேண்டிய வழியை உனக்குக் காட்டுவேன்" என்பது உண்மையான வாக்குத்தத்தம், அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆனால் வேதாகமத்தைத் திறந்து அடுத்த வசனத்தையும் வாசியுங்கள். கடிவாளம் போட்டு இழுத்தால்தான் வரும் புத்தியில்லாத குதிரையைப் போல இருக்கவேண்டாம் என்கிறது. வழிகாட்டுவேன் என்று சொன்னவர், கூடவே யோசித்து நடக்கிற பிள்ளையைத்தான் எதிர்பார்க்கிறார். அட்டையில் எட்டாம் வசனம் மட்டும் அச்சாகியிருப்பதால் நம்மில் பலர் ஒன்பதாம் வசனத்துக்குப் போவதேயில்லை.

ஆகவே, விசாரித்து அறியக்கூடிய விஷயத்துக்கு அடையாளம் கேட்கவேண்டாம் அக்கா. விசாரிப்பதும் ஜெபத்தின் ஒரு பகுதிதான். அரச தாதியர் பயிற்சிக்கு வழமையாக உயர்தரத்தில் விஞ்ஞானப் பாடங்கள் கேட்கிறார்கள். மகள் படித்ததோ கலைப் பிரிவு. அப்படியென்றால் இந்த நிறுவனம் தரப்போவது என்ன சான்றிதழ்? பதிவுபெற்ற தாதி ஆவது வேறு, முதியோர் பராமரிப்பு உதவியாளர் ஆவது வேறு. இரண்டும் மதிப்பான வேலைதான், ஆனால் ஒன்றைச் சொல்லி இன்னொன்றைக் கொடுக்கக்கூடாது. நிறுவனம் அரசின் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவானதா, படிப்புக்குத் தேசிய தொழிற் தகைமை மட்டம் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். வெளிநாட்டு வேலை என்கிறவர்களுக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்பதை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்துக் கேட்கலாம். இதற்கெல்லாம் பதில் வருமுன் காசு கேட்கிற இடத்துக்கு, நீங்கள் 50 வயதில் எடுக்கப்போகும் சேமலாப நிதியைக் கொடுக்கவேண்டாம். அது இத்தனை வருஷம் மழையிலும் அட்டைக்கடியிலும் கொழுந்து பறித்த காசு.

ஊழியர் சொன்னதைத் தள்ளிவிடச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதியதில் இரண்டு கட்டளையும் சேர்ந்தே வருகின்றன: தீர்க்கதரிசனத்தை அற்பமாக எண்ணாதே, எல்லாவற்றையும் சோதித்துப் பார். கடல் கடப்பாள் என்றாரே தவிர, எப்போது, எந்த வேலைக்கு, யார் மூலமாக என்று அவர் சொல்லவில்லை. அதையெல்லாம் அந்த நிறுவனத்தின் விளம்பரத்தாளை வைத்து நிரப்பிக்கொண்டது நாம்தான். ஆசிரியையாகி பத்து வருஷம் கழித்தும் ஒருவர் கடல் கடக்கலாம்.

பதற்றத்தைப் பற்றியும் ஒன்று. 16ஆம் நூற்றாண்டில் இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் கொடுத்த அறிவுரை ஒன்று கத்தோலிக்கக் குடும்பங்களுக்குத் தெரிந்திருக்கும்: மனம் இருண்டு கலங்கியிருக்கும்போது, தெளிவாக இருந்த காலத்தில் எடுத்த முடிவை மாற்றாதே. எந்தச் சபைக்காரருக்கும் பொருந்தும். மகள் ஆசிரியையாக வேண்டும் என்று பெறுபேறு வருமுன் வீட்டில் எல்லோருமே சொல்லிக்கொண்டிருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். மாறியது எப்போது? பக்கத்து லயத்துப் பிள்ளை கட்டாருக்குப் போன பிறகு.

பத்தனைக்கும் நிச்சயம் என்று நான் சொல்லமாட்டேன். வர்த்தமானியில் விண்ணப்பம் கோருவார்கள். வெட்டுப்புள்ளியும் நேர்முகத் தேர்வும் உண்டு. கிடைத்தால் இரண்டு வருஷம் விடுதியில் தங்கிப் படிப்பு, பிறகு ஒரு வருஷம் பாடசாலையில் படிப்பித்துப் பழகும் கட்டுறுப் பயிற்சி. கிடைக்காவிட்டால் இரண்டாம் தடவை உயர்தரம் எழுதலாம், தொழிற்பயிற்சிக்கும் போகலாம். ஒரு கதவு மூடினால் கர்த்தர் கைவிட்டார் என்று பிள்ளையிடம் சொல்லிவிடாதீர்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. சாமுவேலைக் கர்த்தர் கூப்பிட்ட இரவில், தன் இடத்தில் படுத்திருந்த ஆசாரியர் ஏலிக்கு அந்தச் சத்தம் கேட்கவில்லை. ஆனாலும் கூப்பிடுகிறவர் யார் என்று ஏலிதான் கண்டுகொண்டார், எப்படிப் பதில் சொல்லவேண்டும் என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தார், மறுபடி போய்ப் படுக்கச் சொன்னார். அவனுக்காகத் தானே பதில் சொல்லவில்லை. உங்கள் மகள் ஞாயிறு பாடசாலையில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறாள் என்று கடிதத்தின் கடைசியில், சும்மா ஒரு வரியாக எழுதியிருக்கிறீர்கள். அதைப் பற்றி அவளிடம் கேட்டீர்களா? இன்றிரவு ஜெபத்துக்குப் பிறகு கேளுங்கள், அவள் முடிக்கும்வரை குறுக்கே பேசாமல். அப்பாவும் பக்கத்தில் இருக்கட்டும்.

வெள்ளிக்கிழமை கெடுவை விடுங்கள். வரும் வாரம் மகளையும் கூட்டிக்கொண்டு ஹட்டனுக்கு வாருங்கள். பெறுபேற்றுத் தாளும், அந்த நிறுவனம் கொடுத்த பத்திரமும் கையில் இருக்கட்டும்; மூவருமாக வரிக்கு வரி வாசிப்போம்.