மேட்டில் பிக்கப் இல்லையா? காபரேட்டர் வண்டிக்காரர்களுக்குக் கேள்வி பதில்

மலையகத்தில் இன்னும் எத்தனையோ வீட்டு வாசலில் மொரிஸ் மைனரும் நிசான் சனியும் டொயோட்டா டீ.எக்ஸ் வேகனும் மருட்டியும் நிற்கின்றன. வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே முறைப்பாடுதான்: எக்சிலேட்டரை மிதித்தால் வண்டி எடுக்க மாட்டேன் என்கிறது.

பதிலுக்கு முன் ஒரு வேண்டுகோள். எடுத்த எடுப்பில், காற்றையும் பெற்றோலையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் காபரேட்டரின் ஸ்க்ரூவைத் திருகாதீர்கள். எப்போது திணறுகிறது என்று பாருங்கள். மிதித்த கணத்திலா, மிதித்தபடி மேடு ஏறும்போதா, கால் மணித்தியாலம் ஓடிய பிறகா? அதைச் சரியாகச் சொன்னாலே பாதிக் கோளாறு பிடிபட்டுவிடும்.

தலவாக்கலை: அண்ணே, என்னிடம் சனி பி11. ஐட்லில், அதாவது மிதிக்காமல் விட்டால், நன்றாக ஓடுகிறது. மிதித்தால் ஒரு கணம் செத்துப்போய், பிறகு குபீரென்று பாய்கிறது. மேட்டில் நிறுத்தி எடுக்கவே பயமாக இருக்கிறது.

தம்பி, அநேகமாக இது எக்சிலேட்டர் பம்ப். பெடலை மிதித்ததும் காற்று உடனே உள்ளே பாய்ந்துவிடும். பெற்றோல் பாரமானது, பின்தங்கும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் இந்தச் சின்னப் பம்ப் கொஞ்சம் பெற்றோலைப் பீச்சுகிறது.

எஞ்சினை நிறுத்தி எயார் கிளீனரைக் கழற்றுங்கள். சோக் தட்டைத் திறந்து பிடித்து, டார்ச் அடித்து, காபரேட்டர் வாய்க்குள் பார்த்தபடி, எக்சிலேட்டர் கேபிள் இழுக்கும் திரொட்டில் லிவரைக் கையால் இழுங்கள். லிவர் அசைந்த அதே கணத்தில் மெல்லிய தாரை ஒன்று நேராகப் பாய வேண்டும். பாதித் தூரம் இழுத்த பிறகு வந்தால் பம்ப்புக்குள் பெற்றோலைத் தள்ளும் கப் தேய்ந்திருக்கிறது, அல்லது லிங்க் ஆடுகிறது. நேராகப் பாயாமல் வழிந்தால் நொசிலில் அடைப்பு. ஒன்றுமே வராவிட்டால் கப் காய்ந்து சுருங்கியிருக்கும், இல்லையென்றால் அடியில் உள்ள சின்னக் குண்டு ஒட்டிக்கொண்டிருக்கும். மாதக்கணக்கில் ஓடாமல் நின்ற வண்டிகளில் இது சாதாரணம்.

ரிப்பேயார் கிட் கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் தேடலாம். வண்டி மொடலை மட்டும் சொல்லாமல் காபரேட்டரில் அடித்திருக்கும் இலக்கத்தையும் எழுதிக்கொண்டு போங்கள். ஒரே வண்டிக்கு இரண்டு மூன்று விதக் காபரேட்டர் வந்திருக்கும். அப்புறம், யாராவது ஸ்டார்ட் அடிக்கும்போது காபரேட்டர் வாய்க்குள் எட்டிப் பார்க்கவே கூடாது. நெருப்பு மேலே அடித்தால் முகம் போய்விடும்.

நுவரெலியா: சேர், காலையில் பனிமூட்டத்தில் ஹக்கல பக்கம் போகும்போது முதல் பத்து நிமிடம் வண்டி நன்றாக இழுக்கிறது. பிறகு மெல்ல மெல்லச் சோர்ந்து, மிதித்தாலும் ஏறுவதில்லை. ஓரத்தில் நிறுத்திப் போனட்டைத் திறந்து பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் பண்ணினால் புது வண்டி போல ஓடுகிறது. இரண்டு கராஜில் காட்டியாயிற்று. பெற்றோல் பம்ப், கொயில் எல்லாம் மாற்றிவிட்டேன்.

நீங்கள் மாற்றிய சாமான் எதிலும் கோளாறு இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். உங்கள் காபரேட்டருக்குள் ஐஸ் பிடிக்கிறது.

நுவரெலியாவில் எங்கே ஐஸ் என்று கேட்காதீர்கள். பெற்றோல் ஆவியாகும்போது சுற்றியுள்ள காற்றின் சூட்டை உறிஞ்சும். காபரேட்டரின் குறுகிய பகுதியில் காற்று 20 டிகிரி வரைகூடக் குளிர்ந்துபோகும். வெளியே 12 டிகிரி என்றால் உள்ளே பூச்சியத்துக்குக் கீழே. மூட்டக் காற்று முழுக்க ஈரம். அந்த ஈரம், மிதிக்கும்போது காற்று வழியைத் திறக்கும் திரொட்டில் தட்டின் விளிம்பில் உறைந்து, காற்றுப் போகும் வழியைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைக்கும். வண்டி நின்றதும் எஞ்சின் சூடு மேலேறி ஐஸ் உருகி ஓடிவிடும். நீங்கள் போனட்டைத் திறந்து பார்க்கும்போது சாட்சி கரைந்துபோயிருக்கும். கராஜில் பிடிபடாததற்கும் அதுதான் காரணம்.

வண்டி சோர்ந்து நின்ற உடனே, ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல், காபரேட்டரின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று, வெளியே நீர் கோத்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

இதற்குக் கம்பனியே மருந்து வைத்துத்தான் வண்டியை அனுப்பியது. எஞ்சினிலிருந்து சூடான புகை வெளியேறும் எக்ஸோஸ்ட் மெனிபோல்ட்டின் மேல் ஒரு தகர மூடி இருக்கும். அதிலிருந்து எயார் கிளீனரின் மூக்குக்கு ஒரு வளையும் குழாய் போகும். சூடான காற்றை எடுத்துவரத்தான் அது. கொழும்பில் ஓடிய வண்டிகளில் பெரும்பாலும் இந்தக் குழாய் இருக்காது; கிழிந்ததும் தூக்கி எறிந்திருப்பார்கள். அங்கே அது இல்லாமல் வண்டி ஓடும், இங்கே ஓடாது. சில டொயோட்டா எயார் கிளீனர்களின் மூக்கில் கோடை, குளிர் என்று மாற்றும் கைப்பிடி உண்டு. அதைக் குளிர்ப் பக்கம் திருப்புங்கள். தானாக மாறும் வகை என்றால் உள்ளே உள்ள தட்டு துருவில் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். குழாய் கிடைக்காவிட்டால் சூடு தாங்கும் அலுமினிய வளைகுழாய் அளவுக்கு வெட்டிப் போடலாம். செலவு உங்கள் கொயிலின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

இராகலை: அண்ணா, குளிர் காலைகளில் பெடல் இறுக்கமாக இருக்கிறது, முழுதாக மிதித்தாலும் வேகம் வரவில்லை.

தங்கச்சி, கேபிள். எஞ்சினை நிறுத்திவிட்டு, ஒருவர் பெடலைத் தரைவரை மிதிக்க, மற்றவர் திரொட்டில் தட்டு முழுதாகத் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். அரைகுறையாகத் திறந்தால் கேபிளைச் சரிசெய்யுங்கள். உறைக்குள் துரு பிடித்திருந்தால் எண்ணெய் விட்டுச் சமாளிக்காமல் புதிதாகவே போடுங்கள். மிதித்தது திரும்பி வராமல் மலைப்பாதை இறக்கத்தில் மாட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

பண்டாரவளை: ஐயா, அப்பாவின் மொரிஸ் மைனர். மெதுவாக மிதித்தால் போகிறது, சட்டென்று மிதித்தால் இருமுகிறது. எக்சிலேட்டர் பம்ப்பைத் தேடினேன், காணவில்லையே?

இருக்காது மகன். மைனரில் உள்ளது எஸ்.யூ. என்ற வகைக் காபரேட்டர். அதில் பம்ப் கிடையாது, அந்த வேலையை எண்ணெய் செய்கிறது. காபரேட்டர் உச்சியில் உள்ள மூடியைத் திருகி எடுத்தால் ஒரு மெல்லிய கம்பியும் அதன் நுனியில் சின்னப் பிஸ்டனும் வரும். அந்தக் குழிக்குள் எண்ணெய் இருக்க வேண்டும். சட்டென்று மிதிக்கும்போது பெரிய பிஸ்டன் துள்ளி மேலே போகாமல் அந்த எண்ணெய் பிடித்துவைக்கும். அந்த ஒரு கணம் பெற்றோல் கூடுதலாக இழுபடும். எண்ணெய் வற்றினால் நீங்கள் சொல்லும் அதே இருமல்தான்.

எஸ்.ஏ.ஈ. 20 மாதிரி மெல்லிய எஞ்சின் ஒயில் போதும். கம்பியை மறுபடி இறக்கும்போது, மூடி வாயைத் தொடுவதற்குச் சற்று முன்பே எண்ணெய் தடுப்பது கையில் தெரிய வேண்டும். கியர் ஒயில் ஊற்றாதீர்கள், தடிப்பு கூடினாலும் இழுவை மந்தமாகும்.

கலவையையும் பார்த்துவிடலாம். எஞ்சின் சூடானதும் காபரேட்டர் பக்கத்தில் உள்ள சின்ன ஊசியை மேலே தள்ளி, பிஸ்டனை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாக உயர்த்துங்கள். சத்தம் ஒரு கணம் கூடிப் பழையபடி அடங்கினால் சரி. கூடி அப்படியே நின்றால் பெற்றோல் அதிகம். தடுமாறி அணையப் பார்த்தால் பெற்றோல் குறைவு. அடியில் உள்ள நட்டை மேலே ஏற்றினால் பெற்றோல் குறையும், இறக்கினால் கூடும். ஒரு தடவைக்கு நட்டின் ஒரு முகம் அளவு மட்டும் திருப்புங்கள்.

நானுஓயா: கொழும்பில் வாங்கிய டீ.எக்ஸ் வேகன். அங்கே டியூன் பண்ணித்தான் கொண்டுவந்தேன். இங்கே கறுப்புப் புகை, பிளக் கரி, மேட்டில் மந்தம். வித்தவர் ஏமாற்றிவிட்டாரா?

ஏமாற்றியிருக்க வேண்டியதில்லை. உயரம் கூடக்கூடக் காற்று ஐதாகும். நுவரெலியாவின் 1868 மீற்றரில் காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. காபரேட்டருக்கு அது தெரியாது, பெற்றோலை ஏறக்குறைய பழைய அளவிலேயே ஊற்றும். அதனால் கலவை பத்து வீதத்துக்குக் கிட்ட தடிக்கும். கரியும் மந்தமும் அதனால்தான். ஆனாலும் முதலில் எயார் பில்டரையும், சோக் முழுதாகத் திறக்கிறதா என்பதையும், மிதவைக் கண்ணாடியில் பெற்றோல் மட்டம் நடுக்கோட்டில் நிற்கிறதா என்பதையும் பாருங்கள். மட்டம் ஏறியிருந்தால் ஊசி வால்வு கசிகிறது.

இவை சரியென்றால் மெயின் ஜெட், அதாவது ஓட்டத்தில் பெற்றோலை அளந்து விடும் சின்னத் துளை. ஐட்ல் ஸ்க்ரூவைத் திருகி ஓட்டத்தில் உள்ள கலவையைத் திருத்த முடியாது. ஜெட்டில் 100 என்றிருந்தால் 95 போட்டுப் பாருங்கள், அதற்குக் கீழே போக வேண்டாம். நிரந்தரமாக மேலே இருப்பவர்களுக்குத்தான் இது. அடிக்கடி கொழும்புக்கு இறங்குபவர் என்றால் பழைய ஜெட்டே இருக்கட்டும். கீழே பெற்றோல் குறைந்த கலவையில் ஓடி எஞ்சின் சூடேறுவதைவிட, மேலே கொஞ்சம் புகை வருவது மேல். அப்புறம், காற்றுக் குறைவதால் போகும் பலத்தை எந்த டியூனிங்கும் திருப்பித் தராது. ஒரு கியர் இறக்கி ஏற்றுங்கள்.

மஸ்கெலியா: மருட்டி 800. சமதரையில் பிரச்சினை இல்லை. நீண்ட ஏற்றத்தில் வெட்டி வெட்டி இழுக்கிறது. 2022 பெற்றோல் வரிசைக் காலத்தில் கேனில் சேர்த்துவைத்த பெற்றோலைத்தான் அப்போது ஊற்றினேன்.

கேன் அடியில் இருந்த துருவும் தண்ணீரும் தாங்கிக்குள் போயிருக்கும். ஏற்றத்தில் எஞ்சின் கேட்கும் அளவு பெற்றோல் வந்துசேரவில்லை. பில்டரை மாற்றி, தாங்கியை இறக்கிக் கழுவி, மிதவைக் கிண்ணத்தையும் துடையுங்கள். பிறகும் வெட்டினால் பம்ப்புக்குள் உள்ள டயப்ரம் என்ற மெல்லிய சவ்வில் கோளாறு. பம்பிலிருந்து வரும் குழாயைப் போத்தலுக்குள் விட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றினால் பலமாக விட்டு விட்டுப் பீச்ச வேண்டும். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், கொயில் வயரைக் கழற்றியிருக்க வேண்டும், பக்கத்தில் யாரும் சிகரெட் பிடிக்கக் கூடாது.

அப்புத்தளை: பொக்ஸ் லான்சர். மிதித்தால் எஞ்சின் சத்தம் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை.

கிளச் வழுக்குகிறது. காபரேட்டரை விட்டுவிடுங்கள்.

அட்டன்: காபரேட்டர் கழுவி மாட்டிய நாள் முதல் ஐட்ல் ஏறி இறங்குகிறது, மிதித்தால் திணறல்.

எங்கோ காற்று இழுக்கிறது. கழற்றியபோது அடிக் கேஸ்கட்டைப் பழையதையே போட்டார்களா என்று கராஜ் பாஸிடம் கேளுங்கள். வேக்குவம் குழாய்களை ஒவ்வொன்றாக வளைத்துப் பாருங்கள், நுனியில்தான் வெடிக்கும். எஞ்சின் ஓடும்போது காபரேட்டர் அடியிலும் மெனிபோல்ட் இணைப்பிலும் சவர்க்காரத் தண்ணீர் கொஞ்சம் தெளியுங்கள், பிளக் வயர் பக்கம் படாமல். சத்தம் மாறும் இடம்தான் கசிவு. சூடான எஞ்சினில் பெற்றோலோ கிளீனர் ஸ்ப்ரேயோ அடித்துத் தேட வேண்டாம்.

பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் குழாயையும் மறந்துவிட வேண்டாம். அதைக் காபரேட்டர் பக்கம் கழற்றி வாயால் உறிஞ்சி, நாக்கால் அடைத்துப் பிடியுங்கள். இழுவை நாக்கிலேயே நின்றால் டயப்ரம் நல்லது. காற்று வந்துகொண்டே இருந்தால் கிழிந்துவிட்டது. அதை மாற்றாமல் காபரேட்டரை எத்தனை தரம் கழுவினாலும் பாதி மிதியில் அந்த மந்தம் இருக்கும்.