கார் கூலன்ட் பத்து நாளில் குறைந்துவிடுகிறது, தரையில் ஒரு சொட்டு கூட இல்லை. எங்கே போகிறது?

நீங்கள் கேட்டது இது: ஏழு வருடப் பெட்ரோல் ஹாட்ச்பேக், பெங்களூரில் கே.ஆர். புரத்திலிருந்து தினமும் சில்க் போர்டு வரை ஓட்டம். என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் டப்பாவில் மட்டம் பத்தே நாளில் மேல் கோட்டிலிருந்து கீழ்க் கோட்டுக்கு வந்துவிடுகிறது. ஒரு மெக்கானிக் ரேடியேட்டரை மாற்றச் சொல்கிறார், இன்னொருவர் தண்ணீர் ஊற்றி ஓட்டச் சொல்கிறார். பொங்கலுக்குச் சேலம் போக வேண்டும்.

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். ஒழுகும் இடத்தைக் கண்ணால் பார்க்காமல் எந்தப் பாகத்துக்கும் காசு கொடுக்காதீர்கள்.

தரை காய்ந்திருப்பதில் ஆச்சரியம் இல்லை. சிறிய கசிவு என்ஜின் சூடாகி உள்ளே பிரஷர் ஏறிய பிறகுதான் வெளியே வரும், சூட்டிலேயே ஆவியாகிவிடும். மிச்சம் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் கவரில் தேங்கும். ஆனால் கூலன்ட் தடம் விடாமல் போகாது. தண்ணீர் பறந்தாலும் அதன் சாயமும் மருந்தும் உப்புப் பூத்தது போலப் படியும். நீங்கள் தேட வேண்டியது ஈரத்தை அல்ல, அந்த வெளுத்த ரோஸ் அல்லது பச்சைப் படிவை.

காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்வதற்கு முன் பானட்டைத் திறந்து, செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். முதலில் ரேடியேட்டரின் ஓரங்கள். நடுப்பகுதி அலுமினியம், இரு பக்க டேங்கும் பிளாஸ்டிக். நடுவில் ரப்பர் சீல் வைத்து அலுமினியப் பற்களை மடித்து இறுக்கியிருப்பார்கள். பல வருடம் சூடாகியும் ஆறியும் பிளாஸ்டிக் மொரமொரப்பாகிவிடும், அந்த மடிப்பு ஓரத்தில் முடி போல வெடிப்பு விடும். ஈபாக்சி பசை பூசினால் பிரஷர் ஏறியதும் பெயர்ந்துவிடும். வெடிப்பு அங்கேதான் என்று உறுதியானால் முதல் மெக்கானிக் சொன்னது சரி, ரேடியேட்டரை மாற்றுங்கள்.

அடுத்து வாட்டர் பம்ப். அதன் உடலில், பேனா ரீஃபில் நுழையும் அளவுக்கு ஒரு சிறு துளை இருக்கும். பார்க்க ஏதோ ஓட்டை விழுந்தது போலத் தெரியும், ஆனால் வேண்டுமென்றே வைத்தது. உள்ளே இருக்கும் சீல் தேய்ந்தால் கூலன்ட் பேரிங்குக்குள் போகாமல் இந்தத் துளை வழியே வெளியேறும். மங்கலான கறை மட்டும் என்றால் விட்டுவிடலாம். ஈரக் கோடோ, தடித்த படிவோ இருந்தால் பம்ப்பின் ஆயுள் முடிந்தது. துளையை அடைக்க ஒருவரையும் விடாதீர்கள், பேரிங் இறுகி பெல்ட்டையும் கொண்டுபோய்விடும். பம்ப் டைமிங் பெல்ட்டில் ஓடும் வண்டி என்றால் பெல்ட்டையும் சேர்த்தே மாற்றுங்கள், பிரித்துப் பூட்டும் கூலி ஒன்றுதான்.

ஹோஸ் முனைகள், தெர்மோஸ்டாட் மூடி, டப்பாவின் அடித் தையல் ஆகியவற்றையும் ஒரு பார்வை பாருங்கள். காருக்குள் இனிப்பு வாடையும், முன் கண்ணாடியின் உள்பக்கம் பிசுபிசுப்பான மூட்டமும் இருந்தால் ஹீட்டர் கோர், அதாவது டாஷ்போர்டுக்குள் இருக்கும் குட்டி ரேடியேட்டர், கசிகிறது. முன் சீட்டுக்குக் கீழே ஏ.சி. தண்ணீரும் சொட்டலாம், விரலால் தேய்த்துப் பாருங்கள்: கூலன்ட் வழுவழுக்கும். நாக்கில் வைக்க வேண்டாம், அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் விஷம். இனிப்புக்குத் தெருநாய் நக்கிவிடும் என்பதால், வடித்ததைச் சாக்கடையோரம் கொட்டாமல் கேனில் மூடி ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள்.

கண்ணுக்கு எதுவும் படவில்லையா, என்ஜின் ஆறியிருக்கும்போது பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். ரேடியேட்டர் மூடியின் இடத்தில் மீட்டர் வைத்த கைப் பம்ப்பைப் பூட்டி, மூடியில் அச்சிட்டிருக்கும் அளவு வரை, பெரும்பாலும் 0.9 அல்லது 1.1 பார், அடித்து 15 நிமிடம் விட வேண்டும். அதற்கு மேல் அடித்தால் நல்ல ஹோஸும் கெடும். முள் இறங்கினால் கசிவு இருக்கிறது. என்ஜின் ஆறியிருப்பதால் சொட்டு ஆவியாகாமல் அப்படியே நிற்கும்.

அதே கருவியில் மூடியையும் சோதிக்கச் சொல்லுங்கள். நான் மிக முக்கியமாக நினைப்பது இதைத்தான், ஏனென்றால் பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். இங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 97 டிகிரிக்கே கொதித்துவிடும். ரேடியேட்டர் ஃபேன் ஓடத் தொடங்குவதே கிட்டத்தட்ட அந்தச் சூட்டில்தான். மூடி பிரஷரைப் பிடித்தால் கொதிநிலை 120-ஐத் தொடும். மூடியின் ரப்பர் தளர்ந்து, உள்ளே வெறும் தண்ணீரும் இருந்தால், சிக்னலில் நிற்கும்போதே பொங்கும். ஆறிய பிறகு மேல் ஹோஸ் சப்பிப்போயிருந்தால், மூடியின் உள்வால்வு சிக்கியிருக்கலாம்.

வெளியே கசிவே இல்லை, மட்டம் மட்டும் குறைகிறது என்றால் ஹெட் கேஸ்கெட்டை, அதாவது என்ஜின் பிளாக்குக்கும் மேலே இருக்கும் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள சீலை, சந்தேகிக்க வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்துக்குள் மேல் ஹோஸ் கல் போல இறுகுவது, டப்பாவில் ஓயாமல் குமிழி வருவது, வண்டி சூடான பிறகும் வெண்புகை நிற்காதது ஆகியவை அறிகுறிகள். உறுதிசெய்ய ஒரு நீலத் திரவச் சோதனை இருக்கிறது. ரேடியேட்டர் வாயில் எழும் காற்றை அதன் வழியாக இழுப்பார்கள். பெட்ரோல் வண்டியில் மஞ்சளானால், எரிந்த வாயு கூலன்ட்டில் கலக்கிறது. அப்படியானால் ஹெட்டை இறக்கி மட்டம் பார்த்து ஃபேசிங் செய்யாமல் (அடிப்பரப்பைச் சமமாகச் சீவாமல்) வெறும் கேஸ்கெட் மாற்றுவது வீண். முறுக்கி நீட்டும் வகை போல்ட் என்றால் அவையும் புதிதாகத்தான் வேண்டும்.

லீக் அடைக்கும் பவுடர், திரவம் எதையும் ஊற்றாதீர்கள். ஓட்டையை அடைக்கும் அதே பொருள் ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும்.

பழுது பார்த்த பிறகு ஊற்றும் தண்ணீரிலும் கவனம் தேவை. போர் தண்ணீரும் டேங்கர் தண்ணீரும் உப்பு, உள்ளே கெட்டிலில் படிவது போலப் படியும். கலந்தே வரும் கூலன்ட்டை அப்படியே ஊற்றலாம். கான்சன்ட்ரேட் என்றால் பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டர். நிறம் ஒத்துப்போனால் போதாது, கையேட்டில் சொன்ன வகைதானா என்று பாருங்கள், சில வகைகள் சேர்ந்தால் கூழாகிவிடும்.

வடித்த பழைய கூலன்ட்டை அளந்து வையுங்கள். 3.5 லிட்டர் வந்து 2.5 மட்டுமே உள்ளே போனால், மீதி இடத்தில் காற்று இருக்கிறது. முன்பக்கத்தை ஏற்றி நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, காற்றை வெளியேற்றும் ப்ளீடு ஸ்க்ரூ இருந்தால் அதைத் திறந்து குமிழி நிற்கும் வரை ஊற்றுங்கள். ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும் வரை ஓட விட்டு, முழுக்க ஆறியதும் மட்டம் சரி செய்யுங்கள்.

பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பே வேலையை முடித்து, டப்பாவில் மார்க்கரால் கோடு போட்டுத் தினமும் காலையில் பாருங்கள். திரும்பி வரும்போது தொப்பூர் மலை ஏற்றத்தில் என்ஜின் சூட்டைக் காட்டும் முள் ஏறினால் ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டிலும் ப்ளோயரை முழு வேகத்திலும் வைத்து, ஓரமாக நிறுத்த இடம் தேடுங்கள். ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தால் உடனே என்ஜினை அணைத்துவிடுங்கள். கூலன்ட் வடிந்து சென்சார் காற்றில் நின்றால் முள் சாதாரணமாகவே காட்டும். சூட்டோடு மூடியைத் திறக்காதீர்கள், ஹோஸைக் கையால் அழுத்தினால் மெத்தென்று இருக்கும் வரை காத்திருங்கள். அதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகலாம்.