பார்த்து வரைகிற பெண்ணுக்கு என்ன படிப்பு?

போன வாரம் விழுப்புரத்திலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. "கெமிஸ்ட்ரியில நல்ல மார்க் எடுக்கிற பொண்ணு சார். எப்பப் பார்த்தாலும் யாரோ வரைஞ்ச படத்தைப் பார்த்துக் காப்பி அடிச்சுட்டு இருக்கா" என்றார் அம்மா. பெரியப்பா ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் ஏ.ஐ. பொறியியலுக்கு மேனேஜ்மென்ட் சீட் பேசி வைத்திருக்கிறார். பணத்துக்கு நிலத்தை அடமானம் வைப்பதாகத் திட்டம்.

அவர்களுக்கு என் பதில் இது: உங்கள் பயம் புரிகிறது. ஆனாலும் அந்தச் சீட்டை வாங்காதீர்கள். மனசே இல்லாத பிள்ளை அரியரோடு வெளியே வந்தால் நிலத்தை மீட்டுத் தரப்போவது பெரியப்பா இல்லை. "முதல்ல ஒரு டிகிரி, அப்புறம் வரையட்டும்" என்பதும் வேண்டாம். கை பழக வேண்டிய வயது இதுதான்.

அவள் கொண்டுவந்த கேன்வாஸை நிதானமாகப் பார்த்தேன். ஆங்கில நிலக்காட்சி ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1821-ல் வரைந்த 'தி ஹே வெய்ன்' படத்தின் நகல். மூலப்படம் லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது, ஆறடி அகலம். ஸ்டோர் ஆற்றில் ஒரு வைக்கோல் வண்டி இறங்கி நிற்கிறது, இடது ஓரத்தில் ஒரு வீடு. அவள் கட்டம் போட்டு அளவைப் பிடித்து, பழுப்பு நிறத்தில் நிழல்களை மெல்லிசாகப் போட்டு, அதன்மேல் வானத்திலிருந்து வண்ணம் ஏற்றியிருந்தாள். அடி அடுக்கில் வண்ணத்தை நீர்க்கச் செய்யும் டர்பன்டைன், மேலே போகப் போக மெதுவாகக் காயும் லின்சீட் (ஆளி விதை) எண்ணெய். இதை மாற்றிச் செய்தால் மேல் அடுக்கு முந்திக் காய்ந்து, பிறகு வெடித்துவிடும். குதிரைகளின் கழுத்துப்பட்டையில் மட்டும் சிவப்பு ஏன் என்று கேட்டேன். "அது இல்லைன்னா பச்சை செத்துடும் சார்" என்றாள்.

இது காப்பி அடிப்பது இல்லை, படிப்பு. கான்ஸ்டபிளே 1823-ல், தனக்கு முந்தைய நூற்றாண்டுகளின் ஓவியரான குளோட் லொரேனின் நிலக்காட்சியை உட்கார்ந்து நகலெடுத்தவர். பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் 1793 முதல் ஓவியர்களை நகலெடுக்க அனுமதிக்கிறார்கள். மூலத்தின் அளவிலேயே வரையக்கூடாது என்பது மட்டும் கண்டிப்பு.

டிசைன், அனிமேஷன் பற்றி எல்லோரும் சொல்வார்கள், விடுங்கள். நான் சொல்வது ஓவியப் பாதுகாப்பு, அதாவது பழைய ஓவியங்களைச் சீர்செய்து காக்கிற வேலை. பழைய எண்ணெய் ஓவியத்தில் வார்னிஷ் மஞ்சளாகும், வண்ணம் செதில் செதிலாக உதிரும். எந்தக் கரைப்பான் வார்னிஷை மட்டும் எடுக்கும், எது வண்ணத்தையும் சேர்த்துக் கரைக்கும் என்று ஓரத்தில் பஞ்சால் தொட்டுப் பார்ப்பார்கள். உதிர்ந்த இடத்தை மட்டும் நிரப்பி, பக்கத்து நிறத்தோடு இசைகிற மாதிரி வண்ணம் வைப்பார்கள். மூல வண்ணத்தின் மேல் ஒரு புள்ளிகூட விழக்கூடாது. வைத்த வண்ணத்தைப் பின்னால் வருகிறவர் எடுக்கவும் முடிய வேண்டும். இதற்கு வேதியியலும் வேண்டும், அடுத்தவர் கையைப் படிக்கிற கண்ணும் வேண்டும். உங்கள் பெண்ணிடம் இரண்டுமே இருக்கின்றன! எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930-லேயே பழம்பொருள்களைப் பாதுகாக்கவென்று வேதியியல் ஆய்வகம் தொடங்கினார்கள். லக்னோவில் இதே வேலைக்கு மத்திய அரசின் ஆய்வுக்கூடம் இருக்கிறது.

வழி நீளம்தான். முதலில் சென்னை அல்லது கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் நான்கு வருட பி.எஃப்.ஏ. (கவின் கலை இளங்கலை). அரசுக் கட்டணம்தான், நிலத்தைத் தொட வேண்டியதில்லை. சேர்க்கைக்கு வரைதல் தேர்வு உண்டு. அதற்கு நகல் மட்டும் போதாது. ஆளை, பாத்திரத்தை, தெருவை நேரில் பார்த்துப் பென்சிலில் தினமும் வரையட்டும். பிறகு ஓவியப் பாதுகாப்பில் முதுகலை. நொய்டாவில் இந்திய பாரம்பரிய நிறுவனம் இருக்கிறது; தகுதி விதிகளை இப்போதே படித்து வையுங்கள். ஆரம்பத்தில் சம்பளம் குறைவாக இருக்கும், பல வேலைகள் ப்ராஜெக்ட் கணக்கில்தான் வரும். இதை அவளிடமும் மறைக்காமல் சொல்லுங்கள்.

அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை என்றால் லட்சக்கணக்கில் கட்டித் தனியார் கலைக் கல்லூரிக்கும் போகாதீர்கள். பி.எஸ்சி. வேதியியல் சேர்ந்து வரைவதைத் தொடரட்டும், அடுத்த வருடம் மறுபடி தேர்வு எழுதலாம். மேனேஜ்மென்ட் சீட்டுக்கு முன்பணம் இன்னும் கட்டவில்லை என்றீர்களே, வேண்டாம் என்று பெரியப்பாவிடம் இந்த வாரமே சொல்லிவிடுங்கள்.