சங்க விருது: முதலில் காரணத்தை எழுதுங்கள், பெயர் அப்புறம்

கேள்வி: மும்பையில் தமிழ் பேசும் கணக்காளர்களும் வரி ஆலோசகர்களும் சேர்ந்து நடத்தும் சங்கம் எங்களுடையது. இருநூறு பேர் இருக்கிறோம். ஆண்டு விழாவில் 'சிறந்த சேவை', 'சிறந்த தலைமை' என்று இரண்டு விருதுகள் கொடுக்கிறோம். கடந்த ஆறு வருடங்களில் தலைமை விருது நான்கு முறை முன்னாள் தலைவர்களுக்கே போயிருக்கிறது. போன பொதுக்குழுவில் ஓர் இளைஞர் எழுந்து இதைக் கேட்டுவிட்டார். பாதிப் பேர் கைதட்டினார்கள், மீதிப் பேர் முறைத்தார்கள். இந்த முறையாவது ஒழுங்காகச் செய்ய வேண்டும். யார் தேர்ந்தெடுப்பது, எதை வைத்து? இன்னொன்று, ஓர் உறுப்பினர் தன் அப்பா நினைவாக இரண்டு லட்சம் ரூபாய் தருகிறேன், ரொக்கப் பரிசாகக் கொடுங்கள் என்கிறார். வாங்கலாமா?
– இணைச் செயலாளர், செம்பூர்

பதில்:

அந்த இளைஞரை விட்டுவிடாதீர்கள். விதிகளைத் திருத்தி எழுதும்போது அவரும் கூட இருக்கட்டும். முறைத்தவர்களில் ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் செயற்குழுவில் விருது எப்படி முடிவாகிறது என்று நீங்கள் எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை, முப்பது வருடமாகச் சங்கங்களுக்கு பைலா, அதாவது சங்க விதிகள், எழுதிக் கொடுக்கிறேன். விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது கூட்டம். ஹால் வாடகை, சாப்பாடு, சிறப்பு விருந்தினர் எல்லாம் பேசி முடிக்கையில் வடையும் காபியும் வந்துவிடும். "அப்புறம், அவார்டு யாருக்கு?" என்பார் ஒருவர். "சாருக்கு இன்னும் கொடுக்கலையே" என்பார் இன்னொருவர். முடிந்தது. அந்த 'இன்னும் கொடுக்கலையே'தான் வினை. அதைச் சொன்ன நொடியிலேயே விருது ரேஷன் கடை வரிசையாகிவிடுகிறது. வரிசையில் முன்னால் நிற்பவர்கள் பழைய தலைவர்கள்தானே? யாரும் சூழ்ச்சி செய்யவில்லை. பெயரை முதலில் பிடித்துவிட்டுக் காரணத்தை அப்புறம் தேடினால் இப்படித்தான் ஆகும்.

அதைத் தலைகீழாக்குங்கள். விழாவில் வாசிக்கும் பாராட்டுரையைப் பரிந்துரைக்கும்போதே கேட்டு வாங்குங்கள். ஒரு பக்கம் போதும். அதில் தேதி, இடம், எண்ணிக்கை, சாட்சி சொல்லக்கூடிய இரண்டு பேர் இருக்க வேண்டும். 'அயராத உழைப்பாளி, எளிமையின் சிகரம், பழகுவதற்கு இனியவர்' என்று வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். அது யாருக்கும் பொருந்தும், கல்யாண வாழ்த்து மடலுக்கும் பொருந்தும். மாறாக, '2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது, தாராவியில் தோல் பை தைக்கும் சிறு பட்டறைக்காரர்களுக்காகச் சனிக்கிழமைதோறும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, பைசா வாங்காமல் பதிவு செய்து கொடுத்தார். அந்த டோக்கன் நோட்டு இன்றும் சங்க அலமாரியில் இருக்கிறது' என்று வந்தால் அதைப் படிக்கிறவர்களுக்கு அவர் யார், என்ன செய்தார் என்பது தெரிந்துவிடும். வேறு யாருக்கும் அது பொருந்தாது.

பத்ம விருதுகளுக்கும் ஏறக்குறைய இதுதான் வழி. யாரும் யாரையும் பரிந்துரைக்கலாம், தன்னைத் தானே கூடப் பரிந்துரைத்துக்கொள்ளலாம். ஆனால் செய்த பணியை 800 சொற்களுக்குள் எழுதித் தர வேண்டும். உங்களுக்கு 300 போதும்.

சேவை, தலைமை என்று இரண்டு விருதுகள் வைத்திருக்கிறீர்களே, இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று உங்கள் விதிகளில் எங்காவது இருக்கிறதா? இருக்காது என்றே நினைக்கிறேன். பெரும்பாலான சங்கங்களில் பதவியில் இருந்தவருக்குத் தலைமை விருது, இல்லாதவருக்குச் சேவை விருது என்று ஆகிவிடுகிறது. நான் வைத்திருக்கும் அளவுகோல் வேறு.

மாட்டுங்காவில் ஒரு சங்கம், பெயர் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் மாணவர்களுக்கு இலவச வகுப்பு நடக்கும். ஒருவரிடம் ஹால் சாவி இருந்தது. பதினோரு வருடம் எட்டரைக்கு வந்து திறந்து, ஃபேன் சுவிட்சைப் போட்டு, நாற்காலிகளை இழுத்துப் போட்டு, ரிஜிஸ்டரில் தேதி எழுதி வைத்துவிட்டுக் கடைசி பெஞ்சில் உட்காருவார். அவர் பெயரை யாரும் பரிந்துரைத்ததில்லை. ஒரு முறை முழங்கால் ஆபரேஷனுக்காக மூன்று வாரம் வரவில்லை. மூன்று வாரமும் வகுப்பு இல்லை. முதல் ஞாயிறு அந்தச் சாவி யாரிடம் என்றே யாருக்கும் தெரியவில்லை, பிள்ளைகள் படிக்கட்டில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போய்விட்டார்கள். அப்போதுதான் செயற்குழுவுக்கு உறைத்தது.

சேவைக்கு நான் கேட்கும் கேள்வி இதுதான்: அவர் வராவிட்டால் எது நின்றுபோகும்? தலைமைக்குக் கேள்வி நேர் எதிர்: அவர் போன பிறகும் எது நிற்காமல் நடக்கிறது? சாவிக்காரருக்குச் சேவை விருது கொடுக்கலாம், தலைமை விருது கொடுக்க முடியாது. இரண்டாவது சாவி ஒன்று செய்து, ஒரு பையனைப் பழக்கி விட்டிருந்தால் அதையும் கொடுத்திருக்கலாம். நான்கு முன்னாள் தலைவர்களையும் இந்தக் கேள்வியில் வைத்துப் பாருங்கள். ஒருவராவது கண்டிப்பாகத் தேறுவார். முன்னாள் தலைவர் என்பதற்காக ஒருவரை ஒதுக்கினால் அதுவும் அநியாயம்தான்.

எனவே தலைமை விருதை, பதவியை விட்டு இரண்டு வருடமாவது ஆனவருக்கே கொடுப்பது என்று விதி போடுங்கள். நடப்புச் செயற்குழுவில் இருப்பவருக்கு எந்த விருதும் இல்லை. இதைச் சொன்னால், நேரு பிரதமராக இருக்கும்போதே 1955இல் பாரத ரத்னா வாங்கவில்லையா என்று கேட்க ஒருவர் இருப்பார். வாங்கினார், அதைப் பற்றிய பேச்சு இன்றும் ஓயவில்லை. அவருடைய கல்வி அமைச்சர் மௌலானா ஆசாத் தனக்கு வந்தபோது மறுத்தார். தேர்வு செய்யும் இடத்தில் இருப்பவர்கள் வாங்கக் கூடாது என்பதே அவர் சொன்ன காரணம் என்பார்கள். அவர் மறைந்து பல வருடம் கழித்து, 1992இல்தான் அவருக்கு அது அறிவிக்கப்பட்டது. நீங்கள் ஆசாத் பக்கம் நில்லுங்கள்.

தேர்வுக் குழுவுக்கு மூன்று பேர் போதும். ஐந்து பேர் என்றால் கோஷ்டி, ஏழு பேர் என்றால் மினி பொதுக்குழு. ஒருவர் சங்கத்துக்கு வெளியே இருந்து வரட்டும். ஓய்வு பெற்ற பேராசிரியரோ, வேறு தொழில் சங்கத்தின் செயலாளரோ, மராத்திக்காரராக இருந்தாலும் நல்லதே. நம் ஊர்க் கதைகள் எதுவும் தெரியாதவருக்குக் காகிதத்தில் இருப்பது மட்டும்தான் தெரியும், நமக்கு வேண்டியதும் அதுதான். மற்ற இருவரும் மூன்று வருடத்துக்கு மேல் நீடிக்கக் கூடாது. குழுவில் இருக்கும் வருடமும் அதற்கு அடுத்த வருடமும் அவர்கள் பெயர் பரிந்துரைக்கு வரக் கூடாது. ஒரே ஃபர்மில் பார்ட்னர், சம்பந்தி, முன்பு ஆர்டிகிள்ஷிப் (தொழில் பயிற்சி) செய்த சீனியர் என்று ஏதாவது உறவு இருந்தால் அந்தப் பெயரைப் பேசும்போது எழுந்து வெளியே போய்விட வேண்டும். 'நான் நடுநிலையாக இருப்பேன்' என்றெல்லாம் சொல்ல விடாதீர்கள். திருநெல்வேலி, பாலக்காடு என்று ஊர்ப்பாசம் இருக்கிறதே, அதற்கு விதி போட முடியாது. வெளியாள் ஒருவரைச் சேர்ப்பது அதற்கும் சேர்த்துத்தான்.

மார்க் போட்டுத் தேர்ந்தெடுக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள், கணக்குக்காரர்கள் ஆயிற்றே. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அர்ப்பணிப்புக்கு 20க்கு 17 என்று போடுகிறவர் மனதில் பெயரை முடிவு செய்துவிட்டுத்தான் கூட்டலைச் சரிசெய்கிறார். மூன்று பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கத்தையும் வாய்விட்டு வாசிக்கட்டும். சாட்சி சொன்னவர்களுக்கு போன் போட்டுக் கேட்கட்டும். முடிவையும் காரணத்தையும் நான்கு வரியில் மினிட்ஸ் புத்தகத்தில் எழுதிவிடுங்கள். தேர்வாகாத பக்கங்களைக் கிழிக்காமல் அடுத்த இரண்டு வருடத்துக்கு நிலுவையில் வையுங்கள். பெயர்கள் மட்டும் வெளியே கசியக் கூடாது.

தகுதியாக யாரும் வராவிட்டால் 'இந்த ஆண்டு இல்லை' என்று அறிவிக்கும் உரிமையும் குழுவுக்கு இருக்கட்டும். சங்கத்தில் கௌரவக் குறைச்சல் என்று பதறுவார்கள். 1948இல் அமைதிக்கான நோபல் பரிசே யாருக்கும் கொடுக்கப்படவில்லை, உயிரோடு இருப்பவர்களில் பொருத்தமானவர் இல்லை என்றார்கள். காந்தி கொல்லப்பட்ட வருடம் அது.

பணத்துக்கு வருகிறேன். உங்களுக்கு வரி சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பது, அதனால் சுருக்கமாக. அரசோ, மத்திய அரசு ஒப்புதல் அளித்த அமைப்போ பொதுநலன் கருதித் தரும் விருதுப் பணத்துக்குத்தான் அதற்கென்றே உள்ள வரிவிலக்கு. உங்கள் சங்கம் அதில் வராது. மகாராஷ்டிரத்தில் 1860ஆம் ஆண்டு சங்கப் பதிவுச் சட்டப்படி பதிவான சங்கம், 1950ஆம் ஆண்டின் பொது அறக்கட்டளைச் சட்டத்தின் கீழும் வந்து, வொர்லியில் இருக்கும் அறநிலைய ஆணையரிடம் கணக்குக் காட்ட வேண்டும். வருமான வரி விலக்கும் வாங்கியிருந்தீர்களானால், சங்கப் பணம் நிர்வாகிகளுக்கோ பெரிய நன்கொடையாளர்களுக்கோ பரிசு என்ற பெயரில் திரும்பிப் போவது அந்த விலக்குக்கே உலை வைக்கலாம். நடப்புச் செயற்குழுவுக்கு விருது இல்லை என்று மேலே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டு லட்சத்தை வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் ரொக்கமாகத் தந்துவிடாதீர்கள். எழுத்தில் ஒப்பந்தம் போட்டு வைப்புநிதியில் போடுங்கள். ஏழு சதவீதம் கிடைத்தால் வருடத்துக்கு 14,000, வட்டி குறைந்தால் 11,000. அந்தத் தொகையில், விருது பெறுபவர் சொல்லும் ஒரு மாணவருக்குத் தேர்வுக் கட்டணமோ புத்தகமோ வாங்கிக் கொடுக்கலாம். பத்தாயிரம் ரூபாய்க் கவரை வாங்குகிறவர் அதைத் திருப்பிச் சங்கத்துக்கே நன்கொடையாகக் கொடுப்பதும், எல்லோரும் கைதட்டுவதும் நான் பல மேடைகளில் பார்த்த கூத்து. ஒப்பந்தத்தில் கொடுத்தவரின் அப்பா பெயர் இருக்கட்டும். தேர்வில் மட்டும் அவருக்குக் குரல் இல்லை என்று ஒரு வரி கண்டிப்பாக வேண்டும். முகம் சுளித்தால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள்.

பட்டம் கொடுக்காதீர்கள். 'வரிச் செம்மல்', 'கணக்குக் கலாநிதி' என்று ஆரம்பித்தால் லெட்டர்ஹெட்டில் வந்து உட்கார்ந்துவிடும். பத்ம விருதையே பெயருக்கு முன்னும் பின்னும் போட்டுக்கொள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1995இல் சொல்லியிருக்கிறது. உங்கள் உறுப்பினர்களில் பட்டயக் கணக்காளர்கள் இருப்பார்கள். 1949ஆம் ஆண்டின் பட்டயக் கணக்காளர் சட்டம் அவர்களுடைய தொழில் விளம்பரத்துக்குக் கடிவாளம் போட்டிருக்கிறது. அதனால் பேனரில் விருதாளரின் பெயரும் படமும் போதும், ஃபர்மின் பெயரும் போன் நம்பரும் வேண்டாம்.

விழா நாளைப் பற்றி ஒன்றிரண்டு. பெயர் முடிவானதும் அவரிடம் தனியாகப் பேசிச் சம்மதம் வாங்குங்கள். கூச்சப்படுகிறவர்கள் மேடையில் வைத்து மறுத்தால் இரு தரப்புக்கும் சங்கடம். விருதை நிகழ்ச்சியின் கடைசியில் வைக்காதீர்கள். எட்டரை மணிக்கு, தொலைவில் இருக்கும் டோம்பிவிலிக்காரர்கள் வாட்சைப் பார்க்க ஆரம்பிப்பார்கள், ஒன்பதுக்கு முன்வரிசையில் சிறப்பு விருந்தினரும் வீடியோக்காரரும்தான் இருப்பார்கள். வரவேற்புரை முடிந்த கையோடு கொடுத்துவிடுங்கள். பாராட்டுரையைத் தலைவர் வாசிக்க வேண்டாம், விருதாளரால் பயனடைந்த ஒருவர் வாசிக்கட்டும். அந்தப் பட்டறைக்காரர் தட்டுத் தடுமாறி வாசித்தாலும் ஹால் அமைதியாகிவிடும். அன்றைக்கு விருந்தினர்களுக்கெல்லாம் சால்வை போர்த்தினால் விருதாளரின் சால்வை பதினேழாவது சால்வையாகிவிடும். விருந்தினர்களுக்கு ஒரு புத்தகம் கொடுத்து அனுப்புங்கள், சால்வை ஒரே ஒருவருக்கு.

இந்த வருடத்துக்கு, விதிகளைச் செயற்குழுவில் வைத்துவிட்டுப் பொதுக்குழுவில் ஒப்புதல் வாங்குங்கள். பரிந்துரைக்கு ஆறு வாரம் விடுங்கள். பழைய ஆறு விருதுகளைக் கிளற வேண்டாம், வாங்கியவர்கள் கேட்டு வாங்கவில்லை. ஆனால் அந்த ஆறு பேருக்கும் ஒரு கடிதம் எழுதி, ஆளுக்கு ஒருவரைப் பரிந்துரைக்கச் சொல்லுங்கள். யார் என்ன செய்தார்கள் என்பது அவர்களுக்குத்தான் அதிகம் தெரியும்.

கேடயத்தில் பொறிக்கக் கொடுக்கும் முன் இனிஷியலை அவர் வீட்டில் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். சாவிக்காரருக்குக் கடைசியில் விருது கொடுத்தபோது 'கே'வுக்குப் பதில் 'ஜி' என்று பொறித்துவிட்டோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை, அவர் மனைவிதான் கவனித்தார்.