ஸ்டாலின்கிராடில் சிக்கிய பவுலஸ்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் ரஷ்யாவின் ஸ்டாலின்கிராடு நகரில் சிக்கிய ஜெர்மன் தளபதி பவுலஸின் பெயரைச் சிலர் 'ஃபான் பவுலஸ்' என்று எழுதுகிறார்களே, எது சரி?

வெறும் ஃபிரீட்ரிக் பவுலஸ்தான். 'ஃபான்' என்பது பிரபு குடும்பத்து அடைமொழி. இவருடைய அப்பா கணக்குப் பார்த்தவர். பிரபு குலம் என்றால் அது ருமேனியாவைச் சேர்ந்த மனைவி எலேனாவின் பக்கம். பவுலஸ் கடற்படைக்கு முயன்று, இடம் கிடைக்காமல் 1910இல் தரைப்படையில் சேர்ந்தவர்.

கேள்வி: ஜெர்மனியின் ஆறாவது படையை இவரிடம் கொடுத்தது சரியான முடிவா?

என்னைக் கேட்டால், இல்லை. ஆள் கெட்டிக்காரர், ரஷ்யா மீதான படையெடுப்புத் திட்டத்தைத் தீட்டியவர்களில் ஒருவர். ஆனால் எல்லாம் மேஜை வேலை. டிவிஷன் எனப்படும் ஒரு படைப்பிரிவைக்கூட நடத்திப் பழகாதவர் கையில் 1942 ஜனவரியில் ஒரு முழுப் படையே வந்து சேர்ந்தது.

கேள்வி: முற்றுகையை உடைத்துக்கொண்டு ஏன் வெளியேறவில்லை?

1942 நவம்பர் 19இல் சோவியத் படைகள், ஜெர்மனியின் கூட்டாளிகளான ருமேனியப் படைகள் நின்ற பலவீனமான இடங்களாகப் பார்த்து அடித்தன. நாலே நாளில் வளையம் மூடிவிட்டது. உள்ளே இரண்டரை லட்சம் பேருக்கு மேல். பவுலஸ் அனுமதி கேட்டார், ஹிட்லர் மறுத்தார், இவர் கீழ்ப்படிந்தார். விமானத்திலேயே சாப்பாடு போடுகிறேன் என்றார் ஜெர்மன் விமானப்படைத் தலைவர் கோரிங். குறைந்தது 300 டன் தினமும் தேவை. சராசரியாக வந்தது சுமார் 100 டன்தான். டிசம்பரில் இன்னொரு ஜெர்மன் தளபதி மான்ஸ்டைனின் மீட்புப் படை சுமார் 50 கிலோமீட்டர் தூரம் வரை வந்தது. அதற்குள் டாங்கிகளுக்கு எரிபொருள் இல்லை. பீரங்கி இழுக்க வேண்டிய குதிரைகள் சூப்பாகிக்கொண்டிருந்தன. உடைப்பதென்றால் நவம்பரிலேயே உடைத்திருக்க வேண்டும். உத்தரவை மீறும் துணிச்சல் அவரிடம் இல்லை.

கேள்வி: தோற்கப்போகிறவருக்கு எதற்குப் பதவி உயர்வு?

அது பரிசு இல்லை, ஜாடை. அதுவரை ஃபீல்டு மார்ஷல் என்ற உயர்ந்த ராணுவப் பதவியில் இருந்த எந்த ஜெர்மானியரும் உயிரோடு பிடிபட்டதில்லை. 1943 ஜனவரி 30இல் அந்தப் பட்டம் கொடுத்தால் தற்கொலை செய்துகொள்வார் என்று ஹிட்லர் கணக்குப் போட்டார். மறுநாளே யுனிவர்மாக் என்ற பல்பொருள் அங்காடியின் நிலவறையிலிருந்து பவுலஸ் கைதியாக வெளியே வந்தார்.

கேள்வி: அப்புறம் என்ன ஆனார்?

1944இல் ஹிட்லருக்கு எதிராகப் பேசத் தொடங்கினார். 1946இல் நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரம்பெர்க் நீதிமன்றத்தில் சோவியத் தரப்பு சாட்சி. அவரோடு பிடிபட்ட சுமார் 91,000 பேரில் ஊர் திரும்பியவர்கள் ஆறாயிரம் பேர்கூடத் தேறமாட்டார்கள். இவர் 1953இல் கிழக்கு ஜெர்மனியின் டிரெஸ்டன் நகருக்கு வந்து, 1957இல் இறந்தார். எலேனா 1949இலேயே இறந்துவிட்டார். சிறைப்பட்ட பிறகு இருவரும் சந்திக்கவே இல்லை. மேற்கு ஜெர்மனியின் பாடன்-பாடன் நகரில் எலேனாவின் கல்லறைக்குப் பக்கத்தில்தான் இவரையும் புதைத்தார்கள்.